தொட்டிக்கு விளக்குத் தேடும் திருப்பூர் அன்பர்களுக்கு

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும் சாயப்பட்டறைகளிலும் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, வீட்டுக் கூடத்தில் நீர்ச்செடித் தொட்டி ஒன்றையும் வளர்த்துவரும் அன்பர்களுக்கு:

நிறம் பார்ப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள் நம்மில் பலர். ஒரு வெள்ளைத் துணியை எடுத்து நீட்டினால், அது பால் வெள்ளையா, நீலம் ஓடிய வெள்ளையா, மஞ்சள் தட்டிய வெள்ளையா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடக்கூடிய கண்கள், அவினாசி சாலைக்கும் பல்லடம் சாலைக்கும் நடுவே இருப்பதுபோல் வேறோர் ஊரில் அத்தனை எண்ணிக்கையில் இருக்குமா என்பது சந்தேகமே. அப்படிப்பட்ட கண் படைத்தவர்களே, தொட்டிச் செடிகளுக்கு விளக்கு வாங்கப் போகும்போது மட்டும், கடையில் எது அதிகப் பிரகாசமாகத் தெரிகிறதோ, எதன் பெட்டியில் அதிக வாட் அச்சிடப்பட்டிருக்கிறதோ, எது இலைகளை அதிகச் சிவப்பாகக் காட்டுகிறதோ அதை வாங்கி வந்து, சில வாரங்களுக்குள் கண்ணாடியெங்கும் பாசி படர, ஆசையாக நட்ட செடிகளைத் தம் கையாலேயே பிடுங்கி எறியும் நிலைக்கு வந்துவிடுவதைப் பல வீடுகளில் காண்கிறோம். அதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்வதற்காகவே இம்மடலை உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்த விஷயம் சுருக்கமானது. தொட்டியின் மேல் எரியும் விளக்கினால் பயன் பெறுவன இரண்டு: ஒன்று நம்முடைய கண், மற்றொன்று செடியின் இலை. கண் விரும்புவது நிறத்தை. இலைக்கு வேண்டியது அளவு. இவ்விரண்டையும் தனித்தனியே விசாரித்து, நிறத்தை நம் விருப்பப்படியும் அளவைச் செடியின் தேவைப்படியும் தீர்மானித்துக்கொண்டால், விளக்கு வாங்குவது சுலபமான காரியம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதிலிருந்தே பெரும்பாலான தொல்லைகள் பிறக்கின்றன.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு முகாந்தரமும் உண்டு. பாதரசத்தின் உபயோகத்தைக் குறைக்கும் பொருட்டு உலக நாடுகள் செய்துகொண்டதும், 2018-ல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டதுமான மினமாட்டா உடன்படிக்கையின் தொடர்ச்சியாக, பொது வெளிச்சத்துக்கான குழல்விளக்குகளின் உற்பத்தியும் ஏற்றுமதி இறக்குமதியும் 2027-ஆம் ஆண்டின் முடிவுக்குள் நின்றுவிட வேண்டுமென்று, 2023-ல் ஜெனீவாவில் கூடிய மாநாடு தீர்மானித்தது. ஆகவே, நம் பரிசோதனைக் கூடங்களின் லைட் பாக்ஸுக்குள் எரிகிற டி.எல்.84 குழலும், தொட்டிப் பிரியர்கள் நெடுங்காலம் போற்றிவந்த டி5 குழலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் விடைபெறப் போகின்றன. பழைய குழல் அணைந்த இடத்தில் எந்த எல்.இ.டி.யை மாட்டுவது என்ற கேள்வி எல்லா வீடுகளிலும் எழுந்திருக்கும் தருணம் இது.

லைட் பாக்ஸைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் சொல்லத் தேவையில்லை. பகலொளிக்கு ஒப்பான டி65 என்பது 6500 கெல்வின், டி.எல்.84 என்பது 4000 கெல்வின். டங்ஸ்டன் இழைவிளக்குக்கு ஈடான 'ஏ' ஒளி 2856 கெல்வின். பிரிட்டனின் மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர் கடைகளில் எரிந்த குழல் எதுவோ, அதன் கீழேயே துணியையும் பார்க்க வேண்டுமென்று வாங்குவோர் நிபந்தனை விதித்ததனால் டி.எல்.84 நம் ஊருக்குப் பழக்கமாயிற்று. லேப் டிப் துண்டை ஒவ்வோர் ஒளியிலும் புரட்டிப் பார்த்து, பகலொளியில் மூலத்துண்டோடு ஒன்றியிருந்தது கடை விளக்கில் விலகி நின்றால், 'மெட்டாமெரிசம்' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுகிறோம். ஒரு நிறம் எந்த ஒளியில் பார்க்கப்படுகிறது என்று கேட்காமல் அந்த நிறத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லலாகாது என்பது நம் தொழிலின் பாலபாடம்.

இதே பாடத்தை விளக்கின் பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். துணியில் எப்படி இரண்டு சாயக்கலவைகள் ஒரே நிறமாகத் தோன்றக் கூடுமோ, அப்படியே இரண்டு விளக்குகளும் கண்ணுக்கு ஒரே வெள்ளையாகத் தோன்றக் கூடும். சாதாரண வெள்ளை எல்.இ.டி.யில் இருப்பது நீல ஒளி உமிழும் சிறு சில்லு. அதன் மேல் பூசிய பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. இந்த நீலச் சில்லைச் சாத்தியமாக்கியதற்காகவே அகாசாகி, ஹிரோஷி அமானோ, நாகாமுரா என்ற மூவருக்கும் 2014-ல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. தொட்டிகளுக்கென்று இப்போது விற்கும் உயர்ந்த விளக்குகளிலோ, சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறச் சில்லுகளும் தனித்தனியே பொருத்தப்பட்டு, அவற்றின் கூட்டொளி வெள்ளையாகத் தோன்றும்படி அமைத்திருக்கிறார்கள். முன்னதன் கீழ் மங்கலாகத் தெரிந்த சிவப்புச் செடி, பின்னதன் கீழ் குங்குமம் போல் ஜொலிக்கிறது. செடி ஒரே இரவில் மாறிவிடவில்லை. அதிலிருந்து கண்ணுக்கு வந்து சேரும் சிவப்பொளிதான் கூடியிருக்கிறது. இதனை அறியாதவர், விளக்கு நல்லது, ஆகையால் செடி செழித்துவிட்டது என்று கொண்டாடுவார். நிறம் பார்க்கத் தெரிந்த நீங்கள் அப்படி ஏமாறக் காரணமில்லை.

சரி, இலை எந்த நிறத்தை விரும்புகிறது? பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் மிகுதியாக உட்கொண்டு பச்சையைத் திருப்பி அனுப்புகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்துக்கொண்டு, நீலமும் சிவப்பும் மட்டுமே கலந்த ஊதா விளக்கைச் 'செடிக்கென்றே செய்த விளக்கு' என்று சிலர் வாங்குகிறார்கள். பள்ளிக்கூடத்துச் செய்தி பொய்யன்று. அதிலிருந்து செய்த அனுமானம் தவறானது. மெக்ரீ என்ற விஞ்ஞானி இருபத்திரண்டு வகைப் பயிர்களின் இலைகளை ஒவ்வொரு நிற ஒளியிலும் வைத்துச் சோதித்து 1972-ல் வெளியிட்ட முடிவுகளின்படி, இலை பச்சை ஒளியையும் கணிசமாகவே உபயோகித்துக்கொள்கிறது. வெள்ளை ஒளியின் கீழ் வளராத செடியை ஊதா ஒளி வந்து காப்பாற்றப் போவதில்லை. அதன் கீழ் மீனும் இலையும் மணலும் சுயநிறம் இழந்து நிற்பதோடு, இலை மஞ்சளித்திருக்கிறதா, நரம்பு மட்டும் பச்சையாக நின்று இடைவெளி வெளுத்திருக்கிறதா என்ற நோய்க்குறிகளையும் நாம் காண முடியாமற்போகிறது. டி65 இல்லாத லைட் பாக்ஸில் ஷேடு தேறியதென்று கையெழுத்திட எந்தச் சாய மாஸ்டரும் துணியாதபோது, ஊதா விளக்கின் கீழ் செடியின் ஆரோக்கியத்தைப் பார்த்துத் திருப்தியடைவது என்ன நியாயம்?

எனவே நிறத்தைப் பொறுத்தவரை என் சிபாரிசு எளியது. 6500 கெல்வின் அளவில், சி.ஆர்.ஐ. என்னும் நிறக்காட்டு எண் தொண்ணூறுக்குக் குறையாத ஒரு வெள்ளை விளக்கு எந்தத் தொட்டிக்கும் போதுமானது. சற்று மஞ்சளான 4000 கெல்வின் உங்கள் மனதுக்குப் பிடித்தால் அதுவும் குற்றமில்லை. செடி இரண்டிலும் வளரும். சிவப்பு, பச்சை, நீலச் சில்லுகள் சேர்ந்த விளக்கு உங்கள் சக்திக்கு எட்டுமானால், கண்ணுக்கு விருந்தென்று எண்ணி வாங்குங்கள்; செடிக்கு மருந்தென்று எண்ணி வாங்க வேண்டாம்.

இனி அளவைப் பற்றிப் பேசலாம். வாட் என்பது விளக்கு மின்கம்பியிலிருந்து இழுக்கும் சக்தியின் அளவேயன்றி வெளியே விடும் ஒளியின் அளவன்று. பருமனான குழல்விளக்குகள் மட்டுமே இருந்த காலத்தில், கேலனுக்கு இத்தனை வாட் என்று அமெரிக்கத் தொட்டிக்காரர்கள் வகுத்த கணக்கு, எல்.இ.டி. வந்த பிறகு அர்த்தமிழந்துவிட்டது. லூமன் என்பது அதைவிட மேலான அளவுதான். ஆயினும் அது மனிதக் கண்ணை ஆதாரமாகக் கொண்டது. 1924-ல் ஒளியளவுக்கான சர்வதேசக் கமிஷன் வகுத்த கண்ணின் உணர்திறன் வரைபடம், 555 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு உச்ச மதிப்பைக் கொடுத்து, நீலத்துக்கும் சிவப்புக்கும் சொற்ப மதிப்பே கொடுக்கிறது. இலைக்கு அப்படிப்பட்ட பட்சபாதம் இல்லை. ஆகவே செடியின் கணக்கில், 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்றே எண்ணுகிறார்கள். 'பார்' என்று தொட்டிக்காரர்கள் சொல்லும் அளவு இதுவே.

உச்சிவெயிலில் திறந்த வெளியில் இந்த அளவு இரண்டாயிரத்தை எட்டும். தொட்டியின் தரையில் ஏறத்தாழ பதினைந்திலிருந்து முப்பது வரை இருந்தால் நிழல் விரும்பும் செடிகளுக்குப் போதும். அறுபது வரை மத்தியமானது. எண்பதைத் தாண்டினால் அது பலத்த ஒளி. இரண்டாயிரம் எங்கே, முப்பது எங்கே என்று திகைக்க வேண்டாம். நாம் வளர்க்கும் செடிகளில் பல, மரநிழலில் ஓடும் காட்டோடையின் மண்ணில் வேரூன்றி, கிளைகளின் இடுக்கு வழியாகக் கசிந்து வரும் வெளிச்சத்திலேயே ஜீவித்துப் பழகியவை.

இந்த அளவைக் காட்டும் கருவி விலை அதிகம். ஆனால் உங்களில் பலருடைய கம்பெனியில் லக்ஸ் மீட்டர் ஒன்று இருக்கவே இருக்கிறது. செக்கிங் டேபிளில் ஆயிரம் லக்ஸுக்குக் குறையாமல் வெளிச்சம் விழுகிறதா என்று ஆடிட்டுக்கு முன்னால் பார்க்கிறோமே, அதே கருவிதான். லக்ஸும் கண்ணின் அளவே என்றாலும், விளக்கு வெள்ளை எல்.இ.டி.யாக இருக்கும்வரை அதை ஏறத்தாழ எழுபதால் வகுத்தால் செடியின் கணக்குக்குச் சமீபமாக வந்துவிடலாம். 1400 லக்ஸ் என்றால் இருபது; 2800 என்றால் நாற்பது; 5600 என்றால் எண்பது. மூவண்ணச் சில்லுகள் கொண்ட விளக்குக்கும் ஊதா விளக்குக்கும் இந்த வகுத்தல் பொருந்தாது. தொட்டியில் ஜலம் விடுமுன், விளக்கை அதன் இடத்தில் வைத்து எரியவிட்டு, கருவியைத் தரையின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஜலம் நிரம்பிய பின் அந்த எண் சற்று மாறுமாயினும், வாங்கிய விளக்கு எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பது தெளிவாகிவிடும். நடுவில் அறுபதும் முன்மூலையில் பதினைந்தும் காட்டுமானால், அதைவிட வலிய விளக்கைத் தேடிப் போகாமல், இருப்பதையே ஒரு சாண் உயர்த்திக் கட்டிப் பாருங்கள். நடுவில் குறைந்து மூலைகளில் பரவும்.

அளவென்பது ஒரு விநாடிக்குரிய கணக்கோடு முடிந்துவிடுவதில்லை. எத்தனை மணி நேரம் எரிகிறது என்பதும் அதில் சேரும். நாற்பது மைக்ரோமோல் வீதம் எட்டு மணி நேரம் எரிந்தால், ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றில் 1.15 மோல் விழுகிறது. வெயில் காயும் ஒரு நாளில் நம் மொட்டைமாடியில் விழுவதோ நாற்பது மோலுக்கும் மேல். அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத ஒளியில் ஒரு தொட்டி நிறைவாக வளர்ந்துவிடுகிறது. புதிய தொட்டிக்கு முதல் சில வாரங்களில் ஆறு மணி நேரமும், செடிகள் வேர்பிடித்த பின் எட்டு மணி நேரமும் போதும். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு மேல் வீடு திரும்புகிறவர்கள், காலையிலேயே விளக்கை ஏற்றிவிட்டுப் போய், திரும்பி வந்து தொட்டியைப் பார்த்து ரசிப்பதற்காக நடுநிசி வரை எரியவிடுவதனால், பதினைந்து மணி நேர வெளிச்சம் கிடைத்துப் பாசிக்கு யோகமடிக்கிறது. அதற்குப் பதில் ஒரு டைமரை வாங்கிப் பொருத்தி, பிற்பகல் இரண்டரைக்கு எரிந்து இரவு பத்தரைக்கு அணையும்படி செய்துவிட்டால், செடிக்குரியதும் குறையாது. உங்கள் கண்ணுக்குரிய இரண்டு மணி நேரமும் மிஞ்சும். செடிக்கு எந்த மணியில் விடிந்தது என்பதில் அக்கறை இல்லை. தினமும் ஒரே மணியில் விடிய வேண்டும் என்பதே முக்கியம்.

ஆகையால், கடைக்குப் போகுமுன் முடிவு செய்ய வேண்டியது எந்த விளக்கு என்பதன்று. எந்தச் செடி என்பதே. இலங்கையின் ஓடைகளைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வெண்டியும், கட்டையிலும் கல்லிலும் ஒட்டி வளரும் அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் சொற்ப ஒளியில் நிதானமாக வளர்பவை. வாலிஸ்நேரியாவும், நம் வைத்தியத்தில் பேர்பெற்ற நீர்ப்பிரமியும் மத்திய ஒளியில் நன்றாக வரும். தென்னிந்தியாவுக்கே உரிய ரொட்டாலா மாக்ராண்ட்ரா, உலகெங்கும் தொட்டிக்காரர்கள் ஏங்கும் செந்நிறச் செடி. அது பலத்த ஒளியையும் அதற்கேற்ற போஷணையையும் கேட்கும். நம் குளங்களில் வேலம்பாசி என்று பெயர்பெற்ற ஹைட்ரில்லாவோ மிக மங்கிய வெளிச்சத்திலும் பிழைத்து வளரவல்லது. 1950-களின் தொடக்கத்தில் தொட்டிச் செடியாக இலங்கையிலிருந்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போன அது, அங்குள்ள ஏரிகளையும் கால்வாய்களையும் அடைத்துக்கொண்டதற்கு இந்தச் சக்தியும் ஒரு காரணம். சென்னைக் கொளத்தூர் சந்தையிலிருந்தோ வேறெங்கிருந்தோ தருவிக்கும் செடிகளில் பல, பண்ணையில் தண்ணீருக்கு மேலே வளர்க்கப்பட்டவை என்பதையும் மறவாதீர்கள். அவற்றைத் தொட்டியில் அமிழ்த்தியதும் பழைய இலைகள் கரைந்துபோய்ப் புதிய இலைகள் தோன்றுவது சகஜம். வெளிச்சம் போதவில்லை என்று பதறி அந்தச் சமயத்தில் ஒளியைக் கூட்டுவது, அழுகும் இலையோடு பாசியையும் வரவேற்பதாகும்.

ஒளியைக் கூட்டுவதில் உள்ள அபாயத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒளி கூடினால் இலையின் வேலை கூடுகிறது. வேலை கூடினால் கரியமிலவாயுவும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் இரும்பும் அதே விகிதத்தில் கூடுதலாக வேண்டியிருக்கின்றன. காற்றோடு சமநிலையில் இருக்கும் ஜலத்தில் கரைந்திருக்கும் கரியமிலவாயு, லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. அந்தச் சொற்பமும் காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய பதினாயிரம் மடங்கு மெதுவாகவே ஜலத்தில் பரவி இலையை அடைகிறது. ஆகவே வாயு செலுத்தாத தொட்டியின் மேல் வலிய விளக்கை எரிப்பதனால் செடி திடீரென்று வளர்ந்துவிடாது. அது பசியால் நலியும்; நலிந்த இலையின் விளிம்பில் கறுப்புப் பாசி மயிர்போல் முளைக்கும்; கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள் விழும். டென்மார்க்கின் ஆராய்ச்சியாளர்கள் ரிச்சியா என்ற மிதக்கும் செடியை வைத்துச் செய்த பரிசோதனையில், ஒளி குறைவாகவே இருக்கும்போதும் கரியமிலவாயுவைக் கூட்டினால் வளர்ச்சி பல மடங்கு பெருகக் கண்டார்கள். விளக்குக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை வாயுச் சிலிண்டருக்குத் திருப்புவது புத்திசாலித்தனம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. வாயு செலுத்துகிறவர்கள் விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திறந்து, விளக்கு அணையுமுன் மூடிவிட வேண்டும்; இரவில் செடியும் மீனோடு சேர்ந்து பிராணவாயுவைச் சுவாசிக்கிறது. சிலிண்டர் வாங்க விருப்பமில்லாதவர்கள், முப்பதுக்கு மேல் போகாத ஒளியோடு திருப்தியடைவதே உசிதம்.

நம் ஊர்த் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நொய்யல் கரையோரத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஏறியிருக்கும் உப்பின் வரலாறு உங்களுக்குத் தெரிந்ததே. அந்த நதியின் பொருட்டு 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும், அதன் பின் கழிவு நீரில் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு நம் தொழில் மாறியதையும் அனுபவித்தே அறிந்தவர்கள் நீங்கள். போர் தண்ணீரை அப்படியே தொட்டியில் நிரப்பிவிட்டு, செடி கருகுவதற்கு விளக்கைக் காரணம் சொல்வது வீண் பழி. முதலில் டி.டி.எஸ். பார்த்துவிட்டு, பவானி, காவிரித் தண்ணீர் குழாயில் வரும் நாளில் பிடித்து வைத்து, குளோரின் போக்கி உபயோகியுங்கள். கடினத் தண்ணீர்தான் கதியென்றால், அதில் கரைந்துள்ள பைகார்பனேட்டிலிருந்தே கரியைப் பிரித்தெடுத்துக்கொள்ளும் சாமர்த்தியம் படைத்த வாலிஸ்நேரியாவும் வேலம்பாசியும் உங்களுக்கு உற்ற செடிகள். கடினத் தண்ணீர் தெறித்து உலர்ந்து கண்ணாடி மூடியிலும் விளக்கின் முகத்திலும் படியும் வெள்ளைச் சுண்ணாம்புப் படலம் ஒளியைக் கணிசமாகக் குடித்துவிடும். வாரந்தோறும் வினிகர் தொட்டுத் துடைத்தால், புது விளக்கு வாங்காமலே வெளிச்சம் கூடும்.

செந்நிறச் செடிகளில் மோகம் கொண்ட அன்பர்களுக்குத் தனியாக ஒன்று சொல்வேன். வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும் என்பதே நம் தொழிலின் அனுபவம். செனான் விளக்கின் கீழ் துணித்துண்டையும் நீலக் கம்பளி மாதிரிகளையும் ஒருங்கே வைத்து, ஒன்றிலிருந்து எட்டுவரை மதிப்பெண் போடுகிறோம். இலையிலோ காரியம் தலைகீழாக நடக்கிறது. பலத்த ஒளியில் தன்னைக் காத்துக்கொள்ளவே பல செடிகள் அந்தோசயனின் என்ற செந்நிறப் பொருளை உண்டாக்குகின்றன. அந்தச் சிவப்பு வேண்டுமானால், மூவண்ண விளக்கு காட்டும் தோற்றத்தில் மயங்காமல், தரையில் எண்பதுக்கு மேல் ஒளியும் அதற்கீடான வாயுவும் உரமும் வாராவாரம் கத்தரிக்கும் உழைப்பும் செலவழிக்கத் தயாராக வேண்டும்.

தோற்றத்தில் மயங்குவதற்கு இன்னோர் உதாரணம், ஜப்பானின் தக்காஷி அமானோவின் தொட்டிப் படங்கள். இவர் முன்னே சொன்ன நோபல் பரிசுக்காரரினின்றும் வேறானவர். சைக்கிள் பந்தய வீரராக இருந்து, 1982-ல் தம் நிறுவனத்தைத் தொடங்கி, தொட்டிக்குள் ஓர் இயற்கைக் காட்சியை அமைக்கும் கலையை உலகுக்குக் கற்பித்த அவர், 2015-ல் காலமானார். அவருடைய தொட்டிப் படங்களைப் பார்த்து அந்தப் பிரகாசம் நம் வீட்டிலும் வேண்டுமென்று ஆசைப்படாதவர் இல்லை. அவர் தேர்ந்த புகைப்படக் கலைஞரும் ஆவார் என்பதையும், அப்படங்கள் பல பிளாஷ் விளக்குகளின் ஒளியில் எடுக்கப்பட்டவை என்பதையும் நினைவிற்கொண்டால், படத்தில் காணும் வெளிச்சம் அத்தொட்டியில் தினந்தோறும் எரிந்த வெளிச்சமன்று என்பது விளங்கும். கேட்லாக்கில் உள்ள புகைப்படத்தைப் பார்த்து ஷேடு பிடிக்க எவரும் சம்மதிக்காத ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

செலவையும் பாதுகாப்பையும் இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிடுகிறேன். இரண்டடித் தொட்டிக்கு நான்கு டி5 குழல்கள் 96 வாட் இழுத்து, நாளுக்கு எட்டு மணி வீதம் இரண்டு மாதத்தில் நாற்பத்தாறு யூனிட் தின்ற இடத்தில், 30 வாட் எல்.இ.டி. பதினான்கரை யூனிட்டுக்குள் அடங்கி, கோடையில் தண்ணீரைச் சூடேற்றுவதும் குறைகிறது. விளக்கின் அடாப்டரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் பொருத்தி, வயரைப் பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்கும்படி விட்டு வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடச் செய்து, வீட்டில் மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. இல்லாமல் எந்தத் தொட்டிக்கும் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

பலத்த ஒளியில் வளர்ந்ததையெல்லாம் கத்தரித்த பின் அந்தக் குப்பையை எங்கே போடுவது என்பதும் விளக்கு வாங்கும்போதே யோசிக்க வேண்டிய விஷயம். தென்னமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக வந்த ஆகாயத்தாமரை நம் குளங்களை மூடியதைப் பார்த்திருக்கிறோம். தொட்டிக் கடைகளில் விற்கும் கபோம்பா, கேரளத்தில் கோழிக்கோட்டு ஆவளப்பாண்டியில் கால்வாய் முழுதும் பரவி, 2020-ல் இளஞ்சிவப்பாகப் பூத்ததைக் காண ஜனங்கள் திரண்டார்கள். பார்க்க அழகாயிருந்தது, நீர்நிலைக்குக் கேடு. 2024-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற நம் நஞ்சராயன் குளத்துக்கும் அந்தக் கதி நேரலாகாது. கத்தரித்த தண்டு எதையும் வாய்க்காலில் விடாமல், வெயிலில் முற்றும் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.

அன்பர்களே, இத்தனை நேரம் பொறுமையாக வாசித்த உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். லக்ஸ் மீட்டர் கைவசமுள்ளவர்கள், கம்பெனியில் அனுமதி கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அதை வாங்கிவந்து, உங்கள் தொட்டியை மட்டுமன்றி அண்டைவீட்டு அன்பரின் தொட்டியையும் அளந்து கொடுங்கள். தொட்டியின் நீளம் உயரம், விளக்கின் வாட், அது நிற்கும் உயரம், தரையில் கண்ட லக்ஸ், எரியும் மணி நேரம், வளரும் செடி, வந்த பாசி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டால், நம் ஊர்த் தண்ணீருக்கும் நம் ஊர்க் கோடைக்கும் பொருந்திய கணக்கு ஒன்று ஓராண்டுக்குள் நம் கையிலேயே இருக்கும். எந்தப் பெட்டியின் மேலும் அச்சிட்ட விளம்பரத்தை நம்பி நிற்க வேண்டியதில்லை. அதுவரையில், செடியைத் தீர்மானித்த பிறகே விளக்கை வாங்குங்கள். ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள விளக்காகப் பார்த்து வாங்கி, பாதியில் வைத்துத் தொடங்குங்கள். பாசி கண்டால் வேறெதையும் செய்யுமுன் விளக்கைக் குறையுங்கள்.

இங்ஙனம்,
உங்களில் ஒருவன்,
திருப்பூர்.